நோயாளியும் தேடப்படுபவனும்

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாண நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தின் பின்னறை. அதிலே ஒரு கொம்பியூட்டர், அதற்கு மூச்சுக் கொடுக்க மண்ணெண்ணெய் குடித்து இருமும் ஒரு ஜெனரேற்றர். என்னோடு வேலை செய்தவர் என்னிலும் மூத்த ஓர் அக்கா.

சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் குண்டு விழுந்து மூன்று நாள். அன்று காலை அங்கே போன என் அண்ணன் திரும்பவில்லை. புத்தூரில் அம்மா வாசற் படலையடியிலேயே நின்றார்.

காயப்பட்டவர்களின் பட்டியல்களை வைத்தியசாலைகள் அனுப்பியிருந்தன. அவற்றை அக்கா கொம்பியூட்டரில் ஏற்றினார். வீட்டார் தேடும் ஆட்களை நான் ஏற்றினேன், அம்மா சொன்னபடி அண்ணனையும். அக்காவின் தாள்களைக் கண்ணால் பார்க்க எனக்குத் துணிவில்லை. மெஷின் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புரோகிராம் நான் எழுதியது. ஒரே வகைப் பதிவுகளுக்குப் புரோகிராமில் 'வகுப்பு' என்று பெயர்; நோயாளி ஒரு வகுப்பு, தேடப்படுபவர் இன்னொரு வகுப்பு. இதிலொருவரையும் அதிலொருவரையும் எடுத்து, இருவரும் ஒருவரா என்று கேட்க வேண்டும். புத்தகத்தில் படித்தபடியே முதற்கேள்வியை வைத்திருந்தேன்: இரண்டும் ஒரே வகுப்பா? இல்லையென்றால் அங்கேயே 'இல்லை'. பெயரும் ஊரும் வயதும் அதற்குப் பிறகுதான்.

ஓடவிட்டோம். இல்லை, இல்லை, இல்லை. திரை நிரம்ப இல்லை. நான் எழுந்துபோய் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வெயில் எதுவும் நடக்காததுபோல அடித்தது.

அக்கா எழும்பவில்லை. அவர் வீட்டு ஒழுங்கையில் குடியிருந்த கிழவர் ஒருவரை மகள் தேடிப் பெயர் கொடுத்து, பிறகு வைத்தியசாலையில் கண்டும் விட்டார். இரண்டு பட்டியலிலும் இருக்கும் அந்தக் கிழவருக்கும் 'இல்லை'யாம்.

“தம்பி, உம்மடை புரோகிராம் ஆளைப் பாக்கேல்லை. எந்தப் பட்டியலிலை இருக்கிறாரெண்டு பாத்துத் துரத்துது.”

ஒப்பிடும் வரிகள் இரு வகுப்பிலும் தனித்தனியே இருந்தன; நோயாளியின் பக்கம் மட்டும் அந்த முதற்கேள்வியை அழித்தேன். கிழவரை வைத்துப் பார்த்தேன்: இருவரும் ஒருவரா என்று நோயாளியிடம் கேட்டால் ஓம் என்றது. தேடப்படுபவரிடம் அதையே கேட்டால் இல்லை என்றது. அவர் இவரென்றால் இவரும் அவர்தானே! இரண்டுக்கும் மேலே 'ஆள்' என்று ஒரு வகுப்பை வைத்து, ஒப்பிடும் வரிகளை அங்கே ஒரே இடத்தில் எழுதினேன்.

திரையில் கிழவர் வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

“அம்மா என்ன வயசு குடுத்தவ?” என்று அக்கா கேட்டார்.

“இருபத்தொன்பது.”

“முடிஞ்சதோ, நடக்கிறதோ?”

எங்கள் சனம் முடிந்த வயதைச் சொன்னதுண்டா? பிறந்தநாள் கழிந்த மறுநாளே அடுத்த வயது நடக்கத் தொடங்கிவிடும். வைத்தியசாலைக்காரரோ முடிந்ததை எழுதுகிறவர்கள். ஒரு வயது கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள் என்று மாற்றினேன். மறுபடி ஓடவிட்டேன்.

ஒரு வரி வந்தது. அண்ணனின் பெயர், புத்தூர், இருபத்தெட்டு, கட்டில் இலக்கம்.

அக்கா என் தோளைத் தட்டி, “ஓடும்” என்றார்.

அண்ணன் காலில் மாவுக்கட்டோடு கிடந்தான். என்னைக் கண்டதும், “என்னடா முழி? செத்த வீட்டுக்கே வந்தனி? கால்தான் முறிஞ்சது” என்றான். கட்டில் ஓரத்தில் குந்தி, அவன் மிச்சம் வைத்திருந்த பாண் துண்டை எடுத்துத் தின்றேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினான்.