கசிந்த பாட்டு

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சங்கீதப் பைத்தியம். எனக்குப் பாடுகிற பைத்தியம், அவருக்குக் கேட்கிற பைத்தியம். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் ஹோலிலேயே நான் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் எங்கள் கதவுக்கு வெளியே குவிந்து கிடக்கிற செருப்புகளைப் பார்த்து, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் உள்ளே ஏதோ விசேஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் ஒரு கப்பல் கம்பனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு தலையில் ஹெட்போனைக் கவிழ்த்தவர், இன்னும் முழுதாகக் கழற்றவில்லை.

ஹெட்போன் என்றதும் பஸ்ஸில் பிள்ளைகள் காதில் செருகிக்கொண்டு போகிற சின்னச் சாமானை நினைக்க வேண்டாம். இது லண்டனில் இருந்து அவருடைய தம்பி குடும்பம் விடுமுறைக்கு வந்தபோது, சூட்கேசுக்குள் சொக்லேட்டுக்கும் துவாய்களுக்கும் நடுவில் பத்திரமாக வந்து இறங்கியது. அதற்கு இடம் விடுவதற்காக எனக்கு வரவேண்டிய, பொரிக்கிற நல்ல தாச்சி ஒன்று அங்கேயே நின்றுவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அதை நான் மறக்கவில்லை. அவரையும் மறக்க விடுவதில்லை.

காதை முழுவதும் மூடுகிற இரண்டு பெரிய கிண்ணங்கள். அவற்றின் பின்பக்கம் அடைக்கப்பட்டிருக்காது. மா அரிக்கிற அரிதட்டு மாதிரி வலை போட்டிருக்கும். அப்படித் திறந்திருந்தால்தான் பாட்டு மண்டபத்தில் இருந்து கேட்பது போல விரியும் என்பது அவருடைய கட்சி. விரிகிற பாட்டு அவரோடு நிற்காமல் வீடு முழுக்க வரும் என்பது என்னுடைய கட்சி. அவருடைய கதிரை ஹோல் மூலையில், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் உள்ளே பெரிய கச்சேரி கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு வெளியே வருவது, காதருகே ரீங்காரமிடுகிற நுளம்பு ஒன்று சங்கீதம் படித்துவிட்டு வந்த மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல்.

அதை வைத்தே எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. "என்ன போகுது, சொல்லும் பாப்பம்" என்று கதிரையில் இருந்து கேட்பார்.

நான் குசினியில் வெங்காயம் உரித்தபடி, "கல்யாணி. வயலின் தனியா வாசிக்கினம். சத்தத்தைக் குறையுங்கோ" என்பேன்.

மிருதங்கத்தின் கும்மென்ற பக்கம் வெளியே வராது. வில் உரசுவதும் கஞ்சிராவின் சலங்கை குலுங்குவதும் மட்டும் வரும். எனக்கு அது போதும். நான் சரியாகச் சொன்னால் அவருக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்காது. அந்த ஹெட்போனோடு என்னையும் சேர்த்து லண்டனில் இருந்து வரவழைத்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். சத்தத்தைக் குறைப்பார். சற்று நேரத்தில் மெல்லக் கூட்டுவார். நான் திரும்பவும் கத்துவேன். எங்கள் பேச்சுவார்த்தையில் பாதி இதுதான்.

நல்ல ஹெட்போனை வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. அதற்கேற்ற அம்ப் வேண்டும். அம்ப் என்பது பாட்டுக்குப் பலம் கொடுத்து ஹெட்போனுக்குள் தள்ளுகிற பெட்டி. ஒரு பெட்டியில் போட்டால் பாடகரின் குரல் வறண்டு போகிறதாம், இன்னொன்றில் போட்டால் மிருதங்கம் வீங்கிப் போகிறதாம். ஆகவே பொருத்தம் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் மச்சிங். எங்களுடைய கலியாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு பொருத்தம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த வேலையில் அவருக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நண்பர். இருவரும் தங்கள் அம்புகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வாங்குவார்கள். ஓட்டோவில் மடியில் துவாயை விரித்து, அதன்மேல் அம்பை வைத்து, ஆசுபத்திரியில் இருந்து கைக்குழந்தையைக் கொண்டுவருகிறவர் போல அணைத்துக்கொண்டு வந்து இறங்குவார். குழி வருகிற இடமெல்லாம் "ஹெமின் மல்லி, ஹெமின்" என்று, மெல்லப் போகச் சொல்லி ஓட்டோக்காரப் பையனிடம் கெஞ்சிக் கெஞ்சியே தொண்டை கட்டிப்போயிருக்கும்.

அப்படித்தான் ஒரு நாள், கண்ணாடி வால்வுகள் மஞ்சளாக எரிகிற பழைய பாணி அம்ப் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை ஹெட்போனோடு இணைத்த நாளில் இருந்து அவருக்கு மண்ணில் கால் படவில்லை. இப்படி ஒரு மச்சிங் இனிக் கிடைக்காது என்றார். ஒரு மாதிரி உண்மைதான் என்று எனக்கும் பட்டது. ஏனென்றால் அந்த இரைச்சல் நின்றுவிட்டது.

"பாத்தீரோ?" என்றார். "நீர் இப்ப கத்துறதே இல்லை. மச்சிங் சரியா வந்தால் பாட்டு நேரா காதுக்குள்ள போகும். வெளியால வராது."

"நல்லது, இனி நிம்மதியாச் சமைக்கலாம்" என்றேன்.

நின்றது சத்தமா, என் காதா என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் முதலில் காதைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். அம்ப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அம்புக்குத்தான்.

கொட்டாஞ்சேனை நண்பர் இதை நம்பவில்லை. பின்பக்கம் திறந்த ஹெட்போன் எந்த அம்பில் போட்டாலும் கசியும், தன்னுடைய அம்பாக இருந்தாலும் கசியும் என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னார். இவர், வந்து பார் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தேவிட்டார். இவர் கதிரையில் உட்கார்ந்து ஹெட்போனைப் போட்டார். நண்பர் குசினி வாசலில் என் பக்கத்தில் வந்து, நீதவான் மாதிரிக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கேக்குதோ?" என்று இவர் கத்தினார்.

"இல்லை" என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன டீச்சர், நல்லாக் கேக்குதே. வயலின் போகுது. இந்தா, இப்ப கஞ்சிராவும் வருது."

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஃபேன் சுற்றுகிறது கேட்டது. கீழே காலி வீதியில் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது. வயலினும் இல்லை, கஞ்சிராவும் இல்லை. நண்பர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வியாபாரி அல்லவா, முகம் படிக்கத் தெரிந்தவர்.

"இல்ல இல்ல" என்றார் உடனே, இவருக்குக் கேட்கும்படி. "ஃபேன் சத்தமா ஈக்கும். நம்மட காதுக்கும் வயசாகிட்டுது. நீங்க சொன்னதுதான் சரி."

அம்ப் விஷயத்தில் அந்த மனிதர் தோற்றதாக ஒத்துக்கொண்டதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இவருக்கும் அப்போதே விளங்கிவிட்டது. வெற்றி கிடைத்த மனுஷன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நண்பர் பிளேன்டீயை அவசரமாகக் குடித்துவிட்டுப் போனார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் இவர்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அதுதான் உண்மை. காது போகிறபோது சொல்லிக்கொண்டு போவதில்லை.

அவருடைய ஹெட்போனை நான் அதுவரை ஒரு நாளும் போட்டதில்லை. அன்றைக்கு அவரே கொண்டுவந்து என் தலையில் வைத்தார். கொண்டை இடித்தது, அதை அவிழ்த்துவிட்டு மறுபடி வைத்தார். கைபேசியில் இருந்து ஒவ்வொரு ஒலியாக விட்டார். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கீழே இருந்து மேலே, மேலே என்று ஏறிக்கொண்டு போனது. நானும் தூக்கிக்கொண்டே போனேன். பிறகு ஒரு நேரம், அடுத்தது எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்துதான் அங்கே ஒலி போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் அழுதேன். வாய்விட்டு அழுதேன். பாட்டு டீச்சருக்குக் காது இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது? பழையதெல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வகுப்பில் பிள்ளைகளின் தோள் குலுங்கும், சிரிப்புச் சத்தம் கேட்காது. கடைசி வரிசையில் ஒரு பெண்பிள்ளை. குரல் நூல் மாதிரி இருக்கும். கொஞ்ச நாளாக அவளுடைய வாயைப் பார்த்துத்தான் "சரி, நல்லாப் பாடுறாய்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். உண்மையில் அவள் என்ன பாடினாள் என்று எனக்குத் தெரியாது.

"இந்தத் தவணையோட வகுப்பை நிப்பாட்டப் போறன்" என்று சொன்னேன்.

"முதல்ல டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார்.

காட்டினோம். வயதோடு வருகிற குறைதான், மேல் ஒலிகள் மங்கியிருக்கின்றன, செவிக்கருவி போட்டால் சமாளிக்கலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்று நின்றேன். "பாட்டு டீச்சர் காதில மெசினோட இருந்தால் தாய்மார் என்ன நினைப்பினம்?"

"நான் இவ்வளவு காலமா தலையில சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறன். ஆர் என்ன சொன்னது?"

"எல்லாரும் சொன்னவை. உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு பிடிவாதம் பிடிப்பது கஷ்டம். போய்ப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியைப் போட்டேன். தகரத்தில் கரண்டியால் தேய்க்கிற மாதிரி இருந்தது. என் குரலே எனக்கு வேறு யாரோ தொண்டை கட்டிப்போய்ப் பாடுவது போலக் கேட்டது. கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இதுக்குச் செவிடாயே இருக்கலாம்" என்றேன்.

அவருக்கு வந்ததே ஒரு உற்சாகம்! மனைவி அழுதுகொண்டு நிற்கிறாள், மனுஷனின் கண் மின்னுகிறது. "சாமானில பிழை இல்லை" என்றார். "மச்சிங்தான் பிழை."

அடுத்த நாளே செவிக்கருவி பொருத்துகிற பெண்ணிடம் என்னைத் திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வயதுப் பெண், நல்ல பொறுமைசாலி. கருவி ஆட்கள் கதைப்பதற்கு ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கிறது, பாட்டுக்கு வேறு விதமாக வைக்கலாம் என்று அவளே சொன்னாள். இவர் விட வேண்டுமே. அது எந்த ஒலியைத் தூக்குகிறது, எதை அமுக்குகிறது, எவ்வளவு விரைவாக அமுக்குகிறது என்று சிங்களமும் இங்கிலிஷும் கலந்து குடைந்து எடுத்தார். அவள் கணினியில் கொஞ்சம் மாற்றுவாள். நான் அங்கேயே ஸ்வரம் பாடிப் பார்ப்பேன். வெளியே காத்திருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். இவர் கண்ணை மூடி, வால்வ் அம்ப் முன்னால் இருப்பது போலவே இருந்து, "கொஞ்சம் கூரா இருக்கோ? வறண்டு போகுதோ?" என்று கேட்பார். இத்தனை காலம் அவர் இந்த வார்த்தைகளைச் சொல்லும்போதெல்லாம் விசர்க்கதை என்று நினைத்தவள் நான். இப்போது எனக்கே அவை தேவைப்பட்டன. ஓம், கூராக இருந்தது. ஓம், வறண்டது. நான் சொல்லச் சொல்ல அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார்.

பல தரம் போனோம். கடைசியில் சுருதிப் பெட்டி சுருதிப் பெட்டியாகவே கேட்டது. ஆனால் வகுப்பைப் பற்றி எனக்கு நம்பிக்கை வரவில்லை. கருவியைப் போட்டுக்கொண்டு வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடுகிறபோது எதையும் பிரித்துப் பார்க்கப் பயமாக இருந்தது. தவணையோடு நிறுத்துவது என்பதில் நான் மாறவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்கிறார் என்று அர்த்தம். அதை நான் அப்போது மறந்துபோனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கரையோரத்து ரயில் யன்னலைக் கிடுகிடுக்க வைத்துவிட்டுப் போய் அடங்கியது. அது அடங்கிய இடத்தில் ஒரு சத்தம் இருந்தது. மெல்லியதாக, சங்கீதம் படித்த நுளம்பு.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். "சத்தத்தைக் குறையுங்கோ!"

அவர் குறைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "என்ன போகுது, சொல்லும் பாப்பம்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

துருவலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன். வயலின் இல்லை, கஞ்சிரா இல்லை. அவர் வழக்கமாகக் கேட்கிற எதுவும் இல்லை. பிள்ளைகள் தனித்தனியாகப் பாடுகிறார்கள். வீட்டில் வைத்துப் பழகுவதற்காக ஒவ்வொரு வகுப்பையும் நான் கைபேசியில் பதிந்து தாய்மாருக்கு அனுப்புவேன். அதில் ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார், கள்ளன். ஒரு பிள்ளை முடிந்து அடுத்த பிள்ளை. அதற்குப் பிறகு ஒரு குரல், நூல் மாதிரி.

"கடைசி வரிசைப் பிள்ளை" என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டேன். "பஞ்சமத்தில நிக்கிறாள் இல்லை. கீழ இறங்கிறாள். பாவம், சுருதி அவளுக்குக் கேக்கேல்லைப் போல. அவ்வளவு பின்னுக்கு இருந்தால் எப்படிக் கேக்கும்?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். கண்ணாடியையும் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். கண்ணாடியில் அழுக்கு இருக்கவில்லை. நான் போய் அவர் தோளில் கை வைத்தேன். கையில் இருந்த தேங்காய்ப்பூ அவருடைய சட்டையில் ஒட்டியது. "சத்தத்தைக் குறைக்கட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையை முன்வரிசைக்குக் கூப்பிட்டு, சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தினேன்.