மாடியில் நின்று சொன்ன உண்மை

நான்கு வருடங்களுக்கு முந்தைய நவம்பர் மாதம். சங்கராபுரத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. என் கணவர் பதினோரு வருடம் ராணுவத்தில் இருந்தவர். மாமனார் படுத்த படுக்கையானதும், பென்ஷனுக்கு இன்னும் நான்கு வருடம் பாக்கியிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் இல்லாததால் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவ அட்டையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் தனியார் பள்ளியில் டீச்சர். அவர் ஒரு மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் அரசுக் காப்பீட்டுக்கான வருமான வரம்பைத் தாண்டிவிடும். மொத்தத்தில் இரண்டுங்கெட்டான் நிலை.

இதில் அவருக்குச் சர்க்கரை வேறு. பட்டாளத்திலிருந்து வந்த மூன்றாம் வருடமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் தெருவில் ஒரு ஈ காக்காய்க்குக்கூட அது தெரியாது. மாத்திரையை ஷூ பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். மிலிட்டரிக்காரர் என்றால் இரும்பு என்று ஊர் நினைக்கிறதாம், அதைக் கெடுக்கக் கூடாதாம்!

அவருடைய அண்ணனுக்கு இதே சர்க்கரையால் ஒரு கால் போனது. வைத்தியச் செலவில் மரவள்ளி போட்டிருந்த நிலமும் போனது. அப்போதுதான் இவருக்கு எப்படியாவது ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தே தீருவது என்று கிளம்பினேன்.

ஒரு கம்பெனி சர்க்கரை என்றதுமே கையை விரித்தது. இன்னொன்று சொன்ன பிரீமியத்தைக் கேட்டு எங்களுக்கே மயக்கம் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஏஜென்ட், "சுகர் இருக்குதுன்னு இன்னாத்துக்கு எழுதறீங்க? இல்லைன்னு டிக் போடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். இவருக்கு வந்ததே கோபம்! "துப்பாக்கி புடிச்ச கைங்க இது. பொய்க் கையெழுத்துப் போடாது" என்று விருட்டென்று எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே பெருமை.

கடைசியில் சங்கராபுரத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஒரு பாய் வழி காட்டினார். அவர் காப்பீட்டு ஏஜென்டும்கூட. "பிரீமியம் கொஞ்சம் ஜாஸ்திதாங்க. சுகர் செலவுக்குப் பணம் கெடைக்க ரெண்டு வருஷம் காத்துக்கினு இருக்கணும். ஆனா உள்ளதை உள்ளபடி எழுதிட்டா, பின்னாடி ஒருத்தரும் வாயைத் தொறக்க முடியாது" என்றார். தொகை எங்கள் கைக்கு எட்டியது. படிவத்தில் சர்க்கரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் என் கணவர். கம்பெனி டாக்டர் ஒருமுறை ஃபோனில் பேசிவிட்டால் வேலை முடிந்தது என்றார் பாய்.

எங்கள் வீட்டில் டவர் கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும்தான். அங்கேயும் ஸ்பீக்கரில் போட்டுக் கத்திப் பேச வேண்டும். ஃபோன் வந்தபோது மழை விட்டிருந்தது. பக்கத்து மாடி அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு பதிவாகிறது என்று சொல்லிவிட்டு, ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார் டாக்டர். இவர் விறைப்பாக நின்றுகொண்டு, "நோ சார்! ஃபிட் சார்!" என்றார். சுகர்? "நோ சார்!" பிரஷர்? "நோ சார்!" படிவத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்றால் நாளைக்கு எவன் நம்புவான்?

கீழே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அந்த ஏஜென்டை அந்த விரட்டு விரட்டினீங்களே, இப்போ நீங்க சொன்னது இன்னாங்க?"

அவர் சொன்னார்: "வேணும்னு சொல்லல. கேட்டதும் வாய் அதுவா சொல்லிடுச்சு. பட்டாளத்துல ஒருத்தன் முடியலன்னு படுத்தா, அவன் மூட்டையையும் இன்னொருத்தன் சேத்துத் தூக்கிக்கினு மலை ஏறணும். அதனால எவனும் முடியலன்னு சொல்ல மாட்டான். நானே காய்ச்சலோட ஏறியிருக்கேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. "இன்சூரன்ஸும் அதாங்க. எல்லாருமா பணம் கட்டி, முடியாதவங்க மூட்டையைத் தூக்கறாங்க. நாளைக்கு நீங்க கட்டற பணமும் யாரோ ஒருத்தர் மூட்டையைத் தூக்கும். இதுல இன்னா கூச்சம்?" என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போனவர் நேராகப் பாயிடம் போயிருக்கிறார். டாக்டர் மறுபடி பேச வேண்டும் என்று சொல்லி ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் காலை ஃபோன் வரும் நேரம் நெருங்கியபோதுதான் என்னிடம் சொன்னார். சங்கராபுரம் போய்ப் பேசலாம், இங்கே பேசினால் தெருவுக்கே கேட்கும் என்றேன். "கேக்கட்டும்" என்றபடி மாடி ஏறினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், நேத்து நான் சொன்னது தப்புங்க. எனக்கு ஏழு வருஷமா சுகர் இருக்குது. தினம் மாத்திரை போடறேன்" என்று உரக்கச் சொன்னார். பக்கத்து மாடி அக்கா கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டார். வேறு தொந்தரவு ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். இவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். "ஆறு மாசமா எடது கால்ல ரெண்டு விரல் மரத்துப் போவுது சார். வூட்டுலகூடச் சொல்லல" என்றார்.

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆறு மாதமாக அந்தப் பயத்தை இவர் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. திட்டவும் தோன்றியது, கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. கையைத்தான் பிடித்துக்கொண்டேன். ஃபோனை வைத்ததும் பக்கத்து மாடியிலிருந்து, "தம்பி, எங்க வூட்டுக்காரருக்கும் சுகர்தான். நீங்க எந்த டாக்டர்கிட்ட பாக்கறீங்க?" என்று குரல் வந்தது. இத்தனை வருடம் காத்த ராணுவ ரகசியம் அத்தோடு முடிந்தது!

அந்த வாரமே கள்ளக்குறிச்சியில் காலைக் காட்டினோம். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். காப்பீட்டுக் கம்பெனி கூடுதலாகச் சில பரிசோதனைகள் கேட்டது, பிரீமியமும் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் பாலிசி கிடைத்தது. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினோம். போன வருடம் அதே காலில் புண் வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தது. காப்பீட்டு அட்டையைக் கொடுத்தோம். பழைய விவரங்களையெல்லாம் பார்த்துவிட்டு, மறைத்தது எதுவும் இல்லை என்று செலவை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு காலோடும் நடந்தே பஸ் ஏறினார்.

பனிமலையில் அவர் காவல் நின்ற கதைகளை ஊரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதெல்லாம் நான் கண்ணால் பார்க்காதவை. தெருவே கேட்க, தன்னால் முடியவில்லை என்று அவர் சொன்ன அந்தப் பத்து நிமிடம் நான் பக்கத்திலேயே நின்றேன். என் கணவர் வீரர் என்று இன்றும் நான் தலை நிமிர்ந்து சொல்வது அதை வைத்துத்தான்.