பொறுப்புச் சால்வை

குசுமாவதி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கை பரபரக்கிறது. எங்கே தொடங்குவது? சால்வையிலேயே தொடங்கிவிடுகிறேன்.

வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் பல்கலைக்கழகக் கிளை மையத்தில் அக்காதான் அலுவலகக் கண்காணிப்பாளர். நான் அங்கே கௌரவ விரிவுரையாளன். அக்கா கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மாலைக் கூட்டத்தில் யாராவது நீட்டி முழக்கினால் ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பார். பேசுகிறவர் தானாக முடித்துவிடுவார்.

பல்கலைக்கழகத்துக்கு முழுத் துணைவேந்தர் இல்லாமல் ரொம்ப காலம் ஓடியது. வந்தவரெல்லாம் 'பொறுப்பு'. ஒவ்வொருவரும் எங்கள் மையத்தைப் பார்வையிட வருவார், சால்வை வாங்கிக்கொள்வார், எதை நீட்டினாலும் ஒரே பதில் சொல்வார்: "நான் வெறும் பொறுப்புதாம்மா. முழு வி.சி. வரட்டும்." பொறுப்பு என்று பெயரை வைத்துக்கொண்டு இப்படி நழுவ எத்தனை துணிச்சல் வேண்டும்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிதி நெருக்கடியில் வரவேற்புச் செலவையும் வெட்டிவிட்டார்கள். அக்கா அசரவில்லை. வருகிறவர்கள் சால்வையை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போவது வழக்கம். அக்கா அதை எடுத்து மடித்து பீரோவில் வைத்தார். அடுத்த பொறுப்புக்கும் அதே சால்வை. அதற்கடுத்தவருக்கும் அதேதான்.

சிரித்துத் தள்ளியிருக்கலாம், பஸ் மட்டும் நிற்காமல் இருந்திருந்தால். எங்கள் மையத்தின் ஒரே பஸ் இன்ஜின் போய் வேப்பமரத்தடியில் நின்றது. பழுது பார்க்கக் கேட்டு அக்கா நீட்டிய கடிதத்துக்கும் வந்த பொறுப்பெல்லாம் அதே பதில்தான் சொன்னார்கள். டவுன் பஸ் போகாத கிராமங்களிலிருந்து பெண் பிள்ளைகள் அதில்தான் வந்தார்கள். வீடு வீடாகப் போய், "பஸ் இருக்குது, நான் இருக்கேன், தைரியமா அனுப்புங்க"ன்னு சொல்லி அவர்களைச் சேர்த்ததே அக்காதான். இப்போது ஒவ்வொருத்தியாகப் படிப்பை விட்டு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பூஜாவும் ஒருநாள் அக்கா முன்னால் வந்து நின்றாள். "இந்த மாசத்தோட நின்னுடறேங்க்கா. அப்பா வேணான்றாரு."

"இன்னா அவசரம்? செமஸ்டர் முடியட்டும்" என்றார் அக்கா. குரலில் தெம்பு இல்லை. பஸ் இருக்கிறது என்பது அவர் கொடுத்த வாக்கு.

அப்போதுதான் அந்தச் செய்தி! முழுத் துணைவேந்தரைப் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை இங்கே வருகிறார்! மையமே கல்யாண வீடானது. யாரென்று விசாரித்தால், முன்பு பொறுப்பாக இருந்தவரில் ஒருவரே. போன தடவை வந்தபோது காபியைச் சால்வை மேல் கொட்டிக்கொண்ட மனிதர். எத்தனை முறை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை.

"புதுசு வாங்கிடலாமாக்கா?" என்றேன்.

"எதுக்கு? கறையை உள்பக்கமா மடிச்சிட்டேன். தெரியாது."

மடித்தவர் அக்கா, போர்த்தியவர் ஆதிமூலம். எங்கள் அலுவலக உதவியாளர் ஆதிமூலத்துக்கு முழு வி.சி.யைக் கண்ட பரவசத்தில் மடிப்பே மறந்துபோயிற்று. சால்வையை உதறி விரித்து, கறை நெஞ்சில் பளிச்சென்று தெரிகிற மாதிரி போர்த்திவிட்டார். படமெடுத்துக்கொண்டிருந்த நான் போனைக் கீழே இறக்கினேன்.

துணைவேந்தர் குனிந்து பார்த்தார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "இது நான் கொட்டுன காபி இல்ல?"

அக்கா எழுந்தார்.

"ஆமாங்க சார். நீங்க வுட்டுட்டுப் போனதுல இது ஒண்ணு. இன்னொண்ணு வெளிய மரத்தடியில நிக்குது, பஸ்ஸு."

எனக்கு கைதட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது.

"சம்பளத்துக்கே திண்டாடுறோம்மா" என்று அவர் இழுத்தார்.

"நெலம தெரியுங்க சார். அதனாலதான் ஒரே சால்வை. ஆனா போன தடவை 'வெறும் பொறுப்பு'ன்னீங்க. இப்ப இன்னா சொல்லப் போறீங்க? பொண்ணுங்க கம்மியாயிட்டே போறாங்க. கடைசிப் பொண்ணு நின்னப்புறம் பஸ்ஸு எதுக்கு?"

அவர் சால்வையோடு எழுந்து நேரே மரத்தடிக்கு நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தன் உதவியாளரைக் கூப்பிட்டார்.

"எனக்குப் புதுக் கார் வாங்கறதா இருந்துதே, அதை நிறுத்துங்க. பழசே நல்லாத்தான் ஓடுது. முதல்ல இதை ஓட வைங்க." பிறகு அக்காவிடம், "இன்னிக்கே கையெழுத்துப் போட்டுர்றேன். சால்வையை நீங்களே வச்சுக்கோங்க" என்று சிரித்தார்.

பஸ் தயாராகி வந்த அன்று டிரைவர் சகாதேவன் முன் கண்ணாடிக்குக் கீழே அந்தச் சால்வையைக் கட்டினார், காபிக் கறை வெளியே தெரிய. காலையிலேயே அக்கா முன் சீட்டில் ஏறிக்கொண்டார், நானும் தொற்றிக்கொண்டேன். ஊர் ஊராக ஹாரன் அடித்துக்கொண்டு போனோம். பூஜா வீட்டு வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார்.

"பஸ்ஸு வந்துடுச்சிங்க" என்றார் அக்கா, ஜன்னலில் தலையை நீட்டி. "நானும் வந்துட்டேன். அனுப்புங்க."