பரிகாரத்துக்கு ஒரு தீவு

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொன்ன ஜோசியரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். நான் பிறந்த புதிதில் அத்தைதான் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனாளாம். பன்னிரண்டு வயது முடிகிறவரைக்கும் பெண்ணைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள் என்று அந்தப் புண்ணியவான் சொல்லி அனுப்பிவிட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. என் அவஸ்தை ஆரம்பித்தது.

எங்கள் வீடு பீர்க்கன்கரணையில், ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில். ஏரி தெரிகிற ஜன்னலை எனக்காகவே சாத்தி வைத்திருந்தார்கள். மழை பெய்து தெருவில் தண்ணீர் ஓடினால் மற்ற பிள்ளைகள் கப்பல் விடும். நான் கேட்டுக்கு உள்ளே நின்று கம்பியை ஆட்டிக்கொண்டிருப்பேன். நாலாம் வகுப்பில் மகாபலிபுரம் டூர் போனபோது வகுப்பே அலையில் கால் நனைக்க ஓடியது. நான் மட்டும் ஆயாவோடு பஸ்ஸில். அத்தை முன்கூட்டியே டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். திரும்பி வந்ததுகளில் ஒருத்தி, ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே, "உனக்குக் கண்டமாமே?" என்று கேட்டாள். அவளுடைய டிபன் பாக்ஸை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். இன்றைக்கு வரைக்கும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தாள். தாயில்லாப் பிள்ளையான அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அப்பா சொன்னால் ஒரு ஷிஃப்டே நடுங்கும் என்பார்கள். வீட்டில் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் "சரிக்கா" மட்டும்தான்.

அப்படிப்பட்ட அப்பா ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டின்போது, இந்த லீவுக்கு நாம் ஒரு தீவுக்குப் போகிறோம் என்றார். கூட வேலை செய்கிறவர் குடும்பத்தோடு மாலத்தீவு போய்வந்து வீடியோ அனுப்பியிருந்தார். கண்ணில் ஒரு கண்ணாடி, வாயில் ஒரு குழாய், தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்து மிதக்கிறது ஒரு குழந்தை. அதைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக மீன்கள். இதற்குப் பெயர் ஸ்நார்க்கலிங் என்று அப்பா சொன்னார். நான் அந்த வீடியோவை அவர் போன் சூடாகிற வரைக்கும் பார்த்தேன். அந்தக் குழந்தைக்கு என் வயதுகூட இருக்காது.

எந்தத் தீவு என்பதில்தான் சண்டை வந்தது. எல்லாரும் போவது என்றால் அத்தையும்தான். மாலத்தீவில் கடலுக்குள் தூண் நட்டு வீடு கட்டியிருக்கிறான், காலை எடுத்து வெளியே வைத்தால் கண்டம் என்று அத்தை அதைத் தள்ளிவிட்டாள். லட்சத்தீவுக்குக் கப்பலில் போகவேண்டும். கப்பல் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. மொரீஷியஸில் நம்முடைய ஆட்கள் முருகன் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் இளகினாள், ஆனால் அவ்வளவு தூரம் அவள் முட்டி தாங்காது. தாய்லாந்துப் பக்கம் நிறையத் தீவு இருக்கிறது என்று அப்பா இழுத்தார். அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா அந்தப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

கடைசியில் அந்தமான் மிஞ்சியது. நம்ம நாடு, நம்ம சாப்பாடு, விமானத்தில் ஏறி உட்கார்ந்து கண்ணயர்வதற்குள் இறங்கிவிடலாம். அத்தை சரி என்றதும் நான் துள்ளிக் குதித்தேன்.

தீவு முடிவானால் பயிற்சி வேண்டாமா? எங்கள் வீட்டுக் கொல்லையில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் இருந்தது. மதில் ஓரம் பப்பாளி மரம். பப்பாளி இலைக் காம்பு உள்ளே ஓட்டையாகக் குழாய் மாதிரியே இருக்கும். ஒன்றை ஒடித்து, இரண்டு முனையையும் நறுக்கி வாயில் வைத்துக்கொண்டேன். பால் பட்டு உதடு எரிந்தது, எரியட்டும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, டிரம்முக்குள் தலையை விட்டேன். உள்ளே நீல வெளிச்சம். என் மூச்சு எனக்கே கேட்டது. மீன் இல்லைதான், ஆனால் டிரம்மின் அடியில் அம்மா தொலைத்த தோடு ஒன்று மின்னிக்கொண்டு கிடந்தது. அதை எடுக்க இன்னும் கொஞ்சம் எக்கினேன்.

துணி காயப்போட வந்த அத்தை கண்டது என் இரண்டு காலை மட்டும்தான்.

அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. என்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "இன்னாடி பண்ணிகினு இருந்தே? எமன் வூட்டுக்குள்ளயே வந்துகீறான்டீ!" என்று கத்தினாள். நான் மீன் பார்க்கத்தான் பழகினேன் என்று சொன்னதற்கு இன்னொரு அடி விழுந்தது. சாயங்காலம் அப்பா வந்ததும் தீர்ப்பு சொல்லப்பட்டது. அந்தமான் போகலாம். எல்லாரும் கடலைப் பார்க்கலாம். நான் மட்டும் கரையில், அத்தை பக்கத்தில், குடைக்குக் கீழே. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் "சரிக்கா" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! மறுபடியும் அந்த மகாபலிபுரம் பஸ். இந்தத் தடவை விமானம் வைத்து அழைத்துக்கொண்டு போய் உட்கார வைக்கப்போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் காலை அம்மா குளிக்கக் கூப்பிட்டபோது, வரமாட்டேன் என்றேன்.

"தண்ணியிலதானே கண்டம்? பக்கெட்ல இருக்கிறதும் தண்ணிதான். எனக்குப் பன்னெண்டு முடியட்டும், அப்புறம் குளிக்கிறேன்."

சும்மா சொல்கிறேன் என்று நினைத்தார்கள். நான் குளிக்கவில்லை. முகம் கழுவவில்லை. வெளியில் விளையாடிவிட்டு வந்து காலைக்கூடக் கழுவாமல், மெழுகினாற்போல் துடைத்து வைத்த அத்தை வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். பரீட்சை முடிந்த ஏப்ரல் வெயில் வேறு. இரண்டாம் நாளே எங்கள் வீட்டுப் பூனை என்னிடம் வருவதை நிறுத்தியது. அப்பா கெஞ்சினார், சாக்லேட் காட்டினார், பெல்ட்டைக் காட்டினார். "இன்னா அழும்புடா இது, ஊர்ல இல்லாத அழும்பு" என்று அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போனாள். அழும்பா? நீங்கள் சொன்னதைத்தான் நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன், ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல்.

இந்தக் கதையில் அம்மா எங்கே என்று கேட்பீர்கள். அம்மா எப்போதும்போல அடுப்படியில்தான் இருந்தாள். அத்தை பேசும்போது குறுக்கே பேசி நான் கேட்டதே இல்லை. என்னை அதட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி என் தலையை முகர்ந்து பார்த்து, "சீ, நாத்தம் பிடிச்ச கழுதை" என்று சொல்லிவிட்டு, ஏனோ சிரித்தாள். காலையில் மாடிக்குப் போய், கீழ்க்கட்டளையில் ஒரு ஜோசியர் இருக்கிறாராம், பிள்ளைகளின் கண்டத்துக்குப் பரிகாரம் சொல்வதில் கெட்டிக்காரராம், போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா அண்ணி என்று கேட்டாள். அத்தைக்கு வாயெல்லாம் பல். தானும் வருவதாகச் சொன்னாள். பெற்றவள் மட்டும் தனியாக வரவேண்டுமாம் என்றாள் அம்மா.

சனிக்கிழமை விடிகாலையில் துணிப்பையோடு அம்மா கிளம்பிப் போனாள். வெயில் ஏறுவதற்குள் திரும்பினாள். தலை ஈரமாக இருந்தது. தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அவர் எதிரில் உட்காரவேண்டுமாம். அவளிடம் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. ஜோசியர் வீட்டுக்கும் லாரித் தண்ணீர்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பையின் அடியில் சொட்டிக்கொண்டிருந்ததை அத்தை பார்த்தபோது, தீர்த்தம் சிந்திவிட்டது என்றாள்.

பரிகாரம் இதுதான். கண்டம் எங்கே இருக்கிறதோ அங்கேயே போய், கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கடல் தண்ணீராக இருக்கவேண்டும். கலங்கல் கூடாது. தாயும் கூடவே இறங்கவேண்டும். நான் ஓடிப்போய்க் குளித்தேன். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். அத்தை மட்டும் யோசித்தாள். யோசித்து அவள் சொன்னது எங்கள் யாருக்கும் தோன்றாதது.

"அதுக்கு இன்னாத்துக்கு அந்தமானு? ராமேஸ்வரமும் தீவுதானே? கடல் கீது, கோயில் கீது. அங்கேயே முழுக்குப் போட்டுட்டு வருவோம்."

தீவு என்றால் தீவுதான். யாரால் மறுக்க முடியும்? அப்பா "சரிக்கா" என்பதற்கு வாயைக் குவித்தார். நான் மறுபடியும் அழுக்காவதற்குத் தயாரானேன். அம்மா மட்டும் பதறவே இல்லை. "கேட்டுட்டு வரேன் அண்ணி" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஈரத் தலையோடு பதில் வந்தது. ராமேஸ்வரம் பெரியவர்களுக்குத் திதி கொடுக்கப் போகிற இடம், சின்னப் பிள்ளை கண்டத்துக்கு அங்கே போகக்கூடாது. அத்தையால் அதைத் தட்ட முடியவில்லை. அப்படியானால் முழங்கால் ஆழம் போதுமா? கேட்டுட்டு வரேன் அண்ணி. போதாதாம், பாதம் தரையில் படக்கூடாதாம். கிழமை எது? கேட்டுட்டு வரேன் அண்ணி. அத்தைக்குச் சந்தேகம் வரவர அம்மாவுக்குப் பயணம் கூடியது. சனிக்கிழமையோடு செவ்வாயும் வெள்ளியும் சேர்ந்துகொண்டன. அத்தை எதுவும் கேட்காத வாரத்தில் அம்மாவே போய், "வேற ஏதாவது கேக்கணுமா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு ஜோசியருக்கு இத்தனை நடையா என்று எனக்கே அலுப்பாக இருந்தது.

மே மாதத்தில் அந்தமான் போனோம். அந்தக் கடலை எப்படிச் சொல்வது? இடுப்பளவு தண்ணீரில் நின்றால் என் கால்விரல் நகம் தெரிந்தது. எங்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போக வந்தவர் நம்ம ராமநாதபுரம் பக்கத்து ஆள். எனக்கும் அம்மாவுக்கும் கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டு, பிடித்துக்கொள்ள ஒரு ரப்பர் வளையத்தைக் கொடுத்தார். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, கணுக்கால் நனைந்ததும் போட்டோ எடுக்க ஆள் வேண்டுமே என்று கரைக்குப் போய்விட்டார். அத்தை மணலில் நின்று கண்ணை இறுக மூடிக் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தாள்.

முகத்தைக் கவிழ்த்ததும் குழாய்க்குள் உப்புத் தண்ணீர் புகுந்து தொண்டை வரைக்கும் போனது. நான் பயப்படவில்லை. குழாய் சரியில்லை, அவ்வளவுதான். ஆனால் கத்திக்கொண்டு எழுந்து நின்று, வளையத்தை மார்போடு கட்டிக்கொண்டேன், அது உண்மை. அப்போது ஒரு கை என் கையைப் பிடித்தது. வாயால் ஊது, அப்புறம் இழு, அவசரப்படாதே என்று அம்மா சொன்னாள். அடுப்படியில் நான் கேட்டறியாத குரல் அது. மறுபடியும் கவிழ்ந்தேன். மஞ்சள் மீன். கறுப்பு வரி போட்ட மீன். கத்தரிப்பூ நிறத்தில் விரித்த பவளம். ஐயோ, என் கண்டமே, நீ இவ்வளவு அழகா!

தலையைத் தூக்கியபோது வளையத்தில் நான் மட்டும் இருந்தேன். அம்மா அதை எப்போதோ விட்டுவிட்டாள். சுடிதார் பலூன் மாதிரி விரிய, கையை அகட்டி அகட்டி, முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, முன்னாடியே நீச்சல் தெரியுமா உங்களுக்கு?" என்று அந்த ஆள் கத்திக் கேட்டார். அம்மா குழாயை எடுத்துவிட்டுச் சொன்னாள், "இல்ல தம்பி, எல்லாம் பரிகாரம்தான்." நான் அதை அப்படியே நம்பினேன். பரிகாரம் பலித்தவர்கள் மிதப்பார்கள் என்று பள்ளியில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோழியின் குழந்தையைக் கூட்டிவர கீழ்க்கட்டளையில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை முகத்தில் அடித்தது. காலையில் பெண்களுக்குத் தனி வகுப்பு என்று சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. செவ்வாய், வெள்ளி, சனி. குழந்தை வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கரையில் எனக்கு அது ஒன்றும் தெரியாது. நான் சண்டை போட்டேன், நான் ஜெயித்தேன், அவ்வளவுதான் தெரியும். மணலில் கெத்தாக நடந்து வந்த என்னை அத்தை தலை முதல் கால் வரை தடவிப் பார்த்து, முழுசாகத்தான் இருக்கிறேன் என்று உறுதியானதும் திட்ட ஆரம்பித்தாள். பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு பிடிவாதமா, இது யாரைக் கொண்டு பிறந்ததோ தெரியவில்லை என்றாள். எங்கள் அப்பாவை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கூந்தலை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எனக்கும் அதான் தெரியல அண்ணி" என்றாள்.