வாசப்படியில் ஊமச்சி

மண்ணூரில் எங்கள் வீட்டு மாடியறையில், நாமக்கல் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் குடியிருந்தார்கள். அவர்களில் கோமதி, ஷிப்ட் முடிந்து வந்ததும் என் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். என் மகளுக்குப் பேச்சு வராது.

ஏரி நிரம்பி வழிந்த ஒரு மழைநாளில், கோமதி தன் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

"வாசப்படியிலயே ஊமச்சி உக்காந்துட்டிருக்குதும்மா. பாத்தாலே கொமட்டுது."

என் மகள் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இன்னா கொழுப்புடி உனக்கு? இப்பவே வூட்டைக் காலி பண்ணு!"

"நான் என்னங்கக்கா தப்பு பண்ணேன்?" என்று அழுதாள். அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல என் வாய் கூசியது. பையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடியே போய்விட்டாள்.

மறுநாள் அவளுடைய அறைத்தோழி மாடியிலிருந்து இறங்கி வந்தவள், படியில் ஊர்ந்த நத்தையைப் பார்த்துக் காலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ, ஊமச்சிங்கக்கா! கோமதிக்கு இதக் கண்டாலே ஆகாது."

"நத்தையையா ஊமச்சின்றீங்க?"

"எங்கூர்ல அப்படித்தானுங்க."

எத்தனையோ முறை போன் செய்தேன். கோமதி எடுக்கவில்லை.

கம்பெனி பஸ் வரும் நேரத்தில் என் மகள் இன்றும் சீப்போடு படியில் உட்கார்கிறாள். அக்கா எங்கே என்று கையை விரித்துக் கேட்கிறாள். எனக்குப் பேச்சு வருவதில்லை.