கூடாத எலும்புக்காக நான் வாங்கிய பேச்சு

என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. பேச்சு வாங்கியது நான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து பைக்கில் பெரம்பலூருக்குத் திரும்பும்போது, முன்னால் போன டிப்பர் சிக்னல் போடாமல் திரும்பியது. இவர் அதில் மோதி விழுந்தார். ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சில மாதத்தில் நடக்கலாம் என்றார்கள். வருஷம் ஒன்று ஆகப்போகும்போதும் காலை ஊன்ற முடியவில்லை. எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தாலும் முறிந்த இடத்தில் அதே கறுப்புக் கோடு.

என் நாத்தனார், கணவருக்கு அக்கா, பாடாலூரில் ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவார். வந்ததும் அடுப்படியில் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார்.

"இதுக்குப் பேரு சூப்பா? தண்ணியால்ல இருக்கு. நீ ஒழுங்கா ஆக்கிப் போட்டிருந்தா இந்நேரம் எலும்பு கூடியிருக்கும்."

சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் இதையே சொன்னார். பார்க்க வந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். நானோ விடியுமுன் எழுந்து ஆட்டுக்காலை வாட்டிச் சுரண்டி, மிளகு தட்டிப் போட்டு வேகவைத்துவிட்டு, துணிக்கடை வேலைக்கு ஓடுவேன். பகல் முழுக்க நின்று என் கால்கள் வீங்கிக் கிடக்கும். அதை யாரும் கேட்கவில்லை. அக்கா பேசப்பேச, கணவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

கடைசியில் திருச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி எங்கள் இருவருக்கும் காட்டினார்.

"கூடாத எலும்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லம்மா. சிலருக்குப் புது எலும்பு நல்லா வளந்திருக்கும், ஆனா அந்த இடம் ஆடிக்கிட்டே இருக்கிறதால ஒட்டாது. அசையாம பிடிச்சு நிறுத்துனா ஒட்டிக்கும். சிலருக்கு உள்ள சீழ் வச்சிருக்கும், அதை மொதல்ல சுத்தம் பண்ணணும். இவருக்கு ரெண்டும் இல்ல. முனை ரெண்டும் எப்படி மெலிஞ்சு கெடக்கு பாருங்க. அங்க ரத்த ஓட்டம் பத்தல."

"என் சமையல்ல ஏதும் குறைங்களா சார்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

"வயிறாரச் சாப்பிடுறார்ல? அதுல குறை இல்ல," என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "சுகரும் இல்ல. சிகரெட் பிடிப்பீங்களா?"

"அடிபட்டதுலேருந்து தொடறதில்லைங்க."

நானும் நம்பினேன். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிந்த இடத்தில் வைத்து, பிளேட் போட்டு இறுக்கலாம் என்றார் டாக்டர். "ஆனா புகை பிடிச்சா ரத்தக்குழாய் சுருங்கிடும். இந்த ஆபரேஷனும் வீணாப் போயிடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து, பையை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். ஆட்டுக்காலை எடுக்கப் பையில் கைவிட்டேன். பொட்டலத்துக்கு அடியில், ஒரு துண்டில் சுருட்டி, சிகரெட் பாக்கெட்டுகள். அவர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கட்டில்மேல் போட்டேன்.

"இது யாருக்கு அண்ணி?"

"படுத்தே கெடக்கிறான், பாவம். நீ வேலைக்குப் போயிட்டா பொழுது போவலங்கிறான். ஒண்ணு ரெண்டு பிடிச்சா என்னாடி?"

"அப்புறம் என் சூப்பால எலும்பு கூடலைன்னு ஊரெல்லாம் எதுக்குச் சொன்னீங்க?"

கணவர்தான் வாயைத் திறந்தார். "அக்காவ ஒண்ணும் சொல்லாத. நான்தான் கேட்டேன்."

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இத்தனை நாளா அவங்க என்னைப் பேசுறப்ப இந்த வாய் எங்க போச்சு?" என்றேன். பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீர் வாளியில் அமுக்கினேன்.

மறுபடி திருச்சிக்குப் போனபோது, அவரை வைத்துக்கொண்டே டாக்டரிடம் சொன்னேன். "அடியோட விட்டுட்டு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன்," என்று அனுப்பிவிட்டார். கணவர் சிகரெட்டை விட்டார். எரிந்து விழுந்தார், தட்டைத் தள்ளினார். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. பிறகு ஆபரேஷன் நடந்தது. மாதங்கள் போகப்போக எக்ஸ்ரேயில் அந்தக் கோடு மங்கி, ஒருநாள் இல்லாமல் போனது. இப்போது லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறார். லாரி ஓட்டுவதில்லை, லாரிகளை எடை போடும் மேடையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

நாத்தனார் இன்றைக்கும் வருகிறார். "என் தம்பிக்கு ரத்த ஓட்டம் பத்தாம போயிடுச்சு" என்கிறார், ஏதோ பிறவிக் கோளாறு போல. ஊரெல்லாம் என்னைப் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

போன வாரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார். "இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"ஆமா," என்றேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தார். அதனால் என் கோபம் தணிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.