இரண்டாயிரம் குஞ்சுகளும் இரண்டு மேஜைகளும்

என் அக்காவை ஊரில் எல்லோரும் குஞ்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோழிக்குஞ்சு பொரிக்கிற மெஷின் வைத்திருக்கிறாள், வேறு காரணம் இல்லை. மாமா போன பிறகு பன்னிரண்டு வருஷமாக அந்த மெஷின்தான் அவளுக்குப் பிள்ளை குட்டி எல்லாம். நான் அவள் தம்பி, வண்டி ஓட்டுகிறவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எல்லை எங்களுக்கு அரை நாள் தூரம். அந்தப் பக்கத்துப் பண்ணைகள் குஞ்சுக்கு ஏங்கிக் கிடந்தன. ஆனால் முன்பெல்லாம் இரண்டு நாட்டு ஆபீசையும் தாண்ட ஒரு வாரம் ஆகும். பொரித்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து மூன்று நாள் தாங்கும், அவ்வளவுதான். அதனால் அக்கா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு கண்டத்து நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தன. எல்லையில் ஒரே கூடம், இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் அடுத்தடுத்து மேஜை, ஒரே காகிதம், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். கூட்டமைப்பு ஆட்கள் வீடு தேடி வந்து, அக்கா கையில் ஒரு குஞ்சைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லிப் படமும் பிடித்துப் போனார்கள். அதை நம்பி அவள் இரண்டாவது மெஷின் வாங்கி, வாராவாரம் பொரிக்கிற மாதிரி முட்டை அடுக்கினாள்.

முதல் லோடு இருபது பெட்டி, இரண்டாயிரம் குஞ்சு. வழியெல்லாம் கீச்சு கீச்சென்று காதைப் பிளந்தது. பக்கத்தில் இருக்கிற அக்காவிடம் பேசத் தொண்டை கிழியக் கத்தினேன்.

கூடத்தில் எங்கள் அதிகாரி பத்து நிமிஷத்தில் முத்திரை குத்தினார். அடுத்த மேஜைக்காரர், புதுக் காகிதத்துக்கான முத்திரை தன் தலைநகரத்திலிருந்து இன்னும் வரவில்லை என்றார். பழைய காகிதம் செல்லுமா என்றேன். அதை ஒழித்தாகிவிட்டதாம். திரும்பிப் போகிறோம் என்றால், வெளியே போனதாக முத்திரை விழுந்துவிட்டது, இனி உள்ளே வந்தால் இறக்குமதி என்கிறார் எங்கள் ஆள். முத்திரையோடு பெட்டிகளுக்குச் சீலும் வைத்தாயிற்று, அதை உடைத்துத் தண்ணீர் வைக்கவும் கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி இரண்டு பேர்.

இரண்டு நாள் கூடத்து பெஞ்சில் கிடந்தோம். அக்காவின் தலைக்கு மேலே சுவரில் அவள் சிரிக்கிற படம் பெரிதாக ஒட்டியிருந்தது. ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. நூறடி தள்ளி அந்தப் பக்கத்துக் கேட்டில், வாங்க வந்த பண்ணைக்காரர் தீவனமும் தண்ணீருமாக நின்றார். மேஜைக்காரரும் கெட்டவர் இல்லை, மூன்று தடவை போன் போட்டுப் பார்த்தார். அக்கா அவர் காலில் விழாத குறை.

மூன்றாம் நாள் காலை முத்திரை வந்தது. சீலை உடைத்தால், பெட்டிக்குப் பாதி செத்துக் கிடந்தது. மிச்சத்துக்குத் தண்ணீர் வைத்தோம், குடிக்கத் தெம்பில்லை. அடுத்த மேஜைக்காரர் முத்திரையைக் கையில் எடுத்தவர், குத்தாமல் நிறுத்தினார்.

"பேப்பர்ல ரெண்டாயிரம் உயிரோடன்னு இருக்கேம்மா. எண்ணிப் புதுசா எழுதிக் குடுங்க. ரெண்டு மேஜையிலயும் ஒரே எண்ணிக்கை இருக்கணும்."

எண்ணி எழுதினோம். எங்கள் மேஜையில் முத்திரை வாங்கி அடுத்த மேஜைக்குப் போவதற்குள் இன்னும் நாற்பது போய்விட்டது. மறுபடி எண்ணினோம். மூன்றாவது தடவை அக்கா பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

"சார், எத்தன மணிக்கு உயிரோட இருந்தத எழுதட்டும்?"

அவர் எங்கள் அதிகாரியைப் பார்த்தார். எங்கள் அதிகாரி காகிதத்தைப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. செத்ததற்குக் காகிதம் வேண்டாமாம். கூடத்துக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, காலிப் பெட்டிகளோடு வண்டியைத் திருப்பினேன். பாதி வழியில் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த அடுக்கு இன்னும் மூணு நாள்ல பொரிஞ்சிடும்டா. அத எங்க கொண்டுபோறது?"

மெதுவாகத்தான் கேட்டாள். வண்டியில் வேறு சத்தம் இல்லை, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.